மதினியை மருந்து வாங்க அனுப்பிய கதை

என் பிரிவு உபசார விழாவில் இளம் மருத்துவர்களான உங்களில் ஒருவர் மேடையேறிப் பேசியதைப் பொன்னாடைக்குள் வியர்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு அம்மாவை மாடிப்படி இறங்கி ஏறச் சொல்லியே மாரடைப்பைக் கண்டுபிடித்தவர் நம் சார்" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். பழக்க தோஷத்தில் நானும் தட்டினேன். அவர் அதோடு நிறுத்தியிருந்தால், நானும் வாயைத் திறக்காமல் பழத்தட்டோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் அவர், "போன மாதம் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று வந்த ஒருவரை நானும் அப்படிப் படியேற்றிப் பார்த்தேன், சார்" என்று ஒரு வரி சேர்த்தார்.

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. இந்த முறை நான் தட்டவில்லை.

அந்த நோயாளி படியேறி, இறங்கி, நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது அவருடைய அதிர்ஷ்டம். அடுத்து வருகிறவருக்கும் அது இருக்கும் என்று நம்பிக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. மேடையில் பேசிய தம்பி இதைப் படிக்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டதைத்தான் செய்தீர்கள். கேள்விப்பட்டது பொய். அந்தப் பொய்யை இத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்தவன் நான்.

நாங்கள் பாளையங்கோட்டைப் பழைய புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள். குருவானவரிடம் தனியே போய்ப் பாவத்தைச் சொல்லிவிட்டு லேசாக வரும் வசதி எங்கள் சபையில் கிடையாது. ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் நான் எப்படி அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்ததும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வை நான்கு முறை எழுதினேன். நான்காவது முறை தேர்வு மையத்துக் காவலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன். சமாதானபுரத்தில் ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்தேன். "மருமகன் எதுல ஸ்பெஷலிஸ்டு?" என்று யாராவது கேட்டால் என் மாமியார், "அவரு எல்லாத்துலயும் ஸ்பெஷலிஸ்டு" என்பார். கேட்டவருக்கு உடனே புரிந்துவிடும். தலை நரைத்த பிறகு குடும்ப மருத்துவம் என்று ஒரு படிப்பு இருப்பது தெரிந்து, என் மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் படித்துத் தேறினேன். அதன் பிறகுதான் நம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு என்னைப் பகல் நேரத்துக்கு அழைத்தது.

இப்போது நீங்கள் தரைத்தளத்தில், ஆம்புலன்ஸ் நேராக வந்து நிற்கும் இடத்தில் வேலை பார்க்கிறீர்கள். அன்று அவசரப் பிரிவு மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தை மருந்துக்கடையும் ஸ்கேன் இயந்திரமும் பிடித்துக்கொண்டிருந்தன. லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கி வருவார்கள். அவசரம் என்று வந்தவர் இருபத்திரண்டு படி ஏறி வந்துவிட்டால் பாதி அவசரம் குறைந்துவிட்டது என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பைப் பிறகு நான் விழுங்க வேண்டி வந்தது.

அந்தப் படிகளில் மாதம் தவறாமல் ஏறி வந்தவர் கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி. ஊரில் அப்பளம் போட்டு விற்கிறவர். என் கிளினிக் காலத்திலிருந்தே என்னிடம் வருகிறவர். வழியில் எத்தனை மருத்துவமனை இருந்தாலும் எல்லாவற்றையும் தாண்டி, பஸ் ஏறி என்னிடம்தான் வருவார். கைராசி என்பார். அவருக்கு இருந்த ஒரே நோய் வாயு. ஆனால் அந்த வாயு லேசுப்பட்டதல்ல; அதற்கென்று ஒரு பயணத் திட்டமே இருந்தது.

"இங்கன புடிச்சுது டாக்டர். புடிச்சு, அங்கன விலாவுக்குப் போயி, பைய முதுகுல ஏறி, தோள்பட்டையில செத்த நேரம் இருந்துட்டு, இப்ப கீழ எறங்குது. கைய வைங்க, நீங்களே பாருங்க, நகருதது தெரியும்."

கையை வைப்பேன். ஒன்றும் நகராது. "ஆமா அண்ணாச்சி" என்பேன்.

அவரோடு எப்போதும் அவர் மனைவி வருவார். அண்ணாச்சியின் மனைவி என்பதால் எனக்கு மதினி. ஒரு வயர் கூடையில் அண்ணாச்சியின் பழைய ஈசிஜி தாள்கள், வெந்நீர் பிளாஸ்க், துண்டு, எங்களுக்கு ஒரு கட்டு அப்பளம், எல்லாம் இருக்கும். அண்ணாச்சி கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவார். மதினி திரைச்சீலை ஓரமாகக் கூடையோடு நிற்பார். எங்கள் அறையில் முக்காலி ஒன்று உண்டு. ஒருநாளும் அவர் அதில் உட்கார்ந்ததில்லை. உட்காருங்கள் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. அத்தனை வருடத்தில் அவர் குரலை நான் கேட்டது "இந்தா இருக்கு" என்ற இரண்டு சொற்களில்தான். நான் கேட்கும் தாளை எடுத்து நீட்டும்போது சொல்வது.

அன்று சித்திரை வெயில். காலை பதினோரு மணி இருக்கும். அண்ணாச்சி வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். "டாக்டர், இன்னைக்கு நான் தப்ப மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

படுக்கவைத்தேன். ஈசிஜி எடுத்தோம். வழக்கம்போல் பழுதில்லை. நாடி, அழுத்தம் எல்லாம் என்னுடையதைவிட நன்றாக இருந்தன. இருந்தாலும் பழையதோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் அவருக்கு மனம் ஆறும் என்று, "மதினி, போன தடவை எடுத்த தாள எடுங்க" என்றேன். அவர் குனிந்து கூடையைத் துழாவினார். வழக்கத்தைவிட நேரமானது. எனக்கு எரிச்சல் வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எரிச்சல் வந்தது உண்மை. "கெடைக்கலைன்னா விடுங்க" என்று சொல்லி, மருந்துச் சீட்டு ஒன்றை எழுதி அவர் கையில் கொடுத்தேன். "கீழ மருந்துக்கடையில இத வாங்கிட்டு வாங்க."

நம் ஊர் மருத்துவமனைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டிலில் கிடப்பவர் நோயாளி. கூட வந்தவர் மருந்து வாங்குவதற்கும், ரத்தக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும், கையெழுத்துப் போடுவதற்கும் ஆனவர். கூட வந்தவருக்குக் கால் உண்டு, கை உண்டு. உடம்பு கிடையாது.

மதினி படியிறங்கிப் போனார். அண்ணாச்சியின் வாயு அப்போது விலாவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வரத் தாமதமாயிற்று. வந்தபோது முந்தானை நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன், பார்த்துவிட்டு, "வெயில் கொளுத்துது, என்ன மதினி?" என்றேன். மருந்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் அப்போது ஒரு சிஸ்டர் இருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். என் வயதுதான். என்னைவிட அதிகம் பார்த்தவர், குறைவாகப் பேசுகிறவர். அவர் மதினி பக்கத்தில் போய் நின்று, கூடையை வாங்கிக் கீழே வைத்தார். தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைக்கப் பார்த்தார். மதினி உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். தாடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர்" என்றார் சிஸ்டர். "கட்டில் வேணும். அண்ணாச்சிய எறக்குங்க."

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். அவரு இன்னும் முடிக்கல" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை என் கல்லறையில் வெட்டினால்கூட நான் ஆட்சேபிக்க முடியாது.

சிஸ்டர் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, பைய எறங்குங்க. மீதிய நின்னுக்கிட்டே சொல்லலாம்" என்று அவர் கையைப் பிடித்து இறக்கினார். அண்ணாச்சி அசந்துபோனார். "ஏ சிஸ்டர், நோயாளி நான்லா?" என்றார். அதற்குள் மதினி கட்டிலில் இருந்தார். ஈசிஜி தாள் வெளியே வர வர, கோடு எழும்பி நின்றது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி நின்றது.

அதற்கு மேல் நான் செய்ததெல்லாம் சரியாகவே செய்தேன். உங்களுக்குத் தெரிந்த வேலைதான் அது. மருந்து கொடுத்தோம். இதயச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போன் போட்டோம். நாற்காலியில் வைத்து, அதே இருபத்திரண்டு படிகளில் இறக்கி, ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கூடவே நானும் போனேன். அடைப்பை நீக்கினார்கள். மதினி பிழைத்தார். இதயத்தின் ஒரு ஓரம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நேரமாகிவிட்டது என்றார் அங்கிருந்த மருத்துவர். எவ்வளவு நேரம் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு சீட்டு வாங்கி, இறங்கி, மருந்து வாங்கி, ஏறும் நேரம் என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் இதுவரை நான் சொன்னது தவறு மட்டும்தான். தவறு எல்லோருக்கும் வரும். இனிமேல் வருவதுதான் என் பாவம்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி இரண்டு கட்டு அப்பளத்தோடு வந்தார். வந்தவர் காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி தொடங்கினார்.

"பெரிய ஆஸ்பத்திரில நெஞ்சுவலிக்காரன மிசின்ல ஓடவச்சுப் பாக்காங்கல்லா? நம்ம டாக்டரு அத மாடிப்படியிலயே பாத்துட்டாரு! என் பெண்டாட்டி வந்து நின்னதுமே அவருக்குச் சந்தேகம். வாயத் தொறந்து சொன்னாரா? சொல்லல. சொன்னா அவ பயந்துருவாள்லா. நைசா ஒரு சீட்ட எழுதிக் குடுத்து, 'மதினி, கீழ போயிட்டு வாங்க'ன்னாரு. அவ ஏறி வந்தா பாருங்க, மூஞ்சியப் பாத்தாரு, கண்டுபிடிச்சுட்டாரு! எனக்கு மருந்து எழுதின மாதிரி அவளுக்கு டெஸ்டு வச்ச மனுசன்வே இவரு!"

நான் வாயைத் திறந்தேன். அறை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு முறை நுழைவுத் தேர்வில் தோற்றவனை யாரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. "விடுங்க அண்ணாச்சி" என்றேன். பெருந்தன்மைக்காரர்கள் சொல்லும் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

சிஸ்டர் சிரிஞ்சுத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கதை தானாக நடந்தது. "டாக்டர், என்னயும் ஒருக்கா படியேத்திப் பாத்துருங்களேன்" என்று திடகாத்திரமானவர்கள் வந்து நின்றார்கள். ஒரு கல்யாண மண்டப முதலாளி, தன் மண்டபத்தில் எத்தனை படி இருக்கிறது என்று சொல்லி, அங்கே வைத்தே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவசரப் பிரிவு கீழே மாற்றப்பட்டபோது, டெஸ்டுக்கு இனி என்ன செய்வீர்கள் என்று நிர்வாகத்தில் ஒருவர் கவலைப்பட்டார். நான் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். சிரிப்பு ஒரு பதிலைப் போலவே இருக்கும். கேட்கிறவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வசதியாக இருந்தது.

சிஸ்டர் ஓய்வு பெற்ற நாளில் என்னிடம் வந்து, "டாக்டர், 'அவரு இன்னும் முடிக்கல'ன்னு சொன்னீங்கல்லா, அத நான் யாருட்டயும் சொல்லல" என்றார். "ஏன்?" என்றேன். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். மதினியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் விழாவில் அவரைப் பற்றி நான் ஐந்து நிமிடம் பேசினேன். அவர் நன்றாகப் பாடுவார் என்று சொன்னேன்.

இப்போது உங்கள் நண்பர் மேடையில் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். என் பொய் எனக்கு ஒரு பொன்னாடையாக இருந்தவரை அது என்னோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பரிசோதனை முறையாக மாறும் என்று நினைக்கவில்லை. விழா முடிந்த மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். உங்களிடம் சொல்வதற்கு முன் மதினியிடம் சொல்ல வேண்டும். அவருடைய இதயம்தானே.

அண்ணாச்சி ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். மதினி காயவைத்த அப்பளங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் நின்றார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று நான் உங்களைப் பரிசோதிக்க அனுப்பவில்லை மதினி, அண்ணாச்சிக்கு மருந்து வாங்கத்தான் அனுப்பினேன், உங்களை நான் பார்க்கவே இல்லை என்றேன்.

"தெரியும் டாக்டரய்யா" என்றார்.

கையில் ஒரு அப்பளத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். நான் அதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"எறங்கயிலேயே முடியல. நடுப்படியில ஒக்காந்துட்டேன். யாராவது கூப்பிடுதாங்களான்னு மேல பாத்தேன். எங்க வீட்டுக்காரவுக சத்தந்தான் கேட்டுச்சு. பெறவு எந்திரிச்சுப் போயி வாங்கிட்டு வந்தேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே மதினி."

"யாரு கேட்டா?" என்றார். கோபமில்லை. ஊரில் மழை பெய்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். "சீட்டுல அவுக பேருதான இருந்துச்சு."

"அண்ணாச்சி ஊரெல்லாம் என்னைப் புகழுதாரே, அவருகிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே. என் பேரக் காப்பாத்தவா சொல்லாம இருந்தீங்க?" என்றேன்.

மதினி முதல்முறையாகச் சிரித்தார். "ஒங்களுக்காக இல்ல டாக்டரய்யா. நான் அங்கன செத்துக்கிட்டு நிக்கயில, அவுக கட்டில்ல படுத்துக்கிட்டு வாயுவச் சொல்லிக்கிட்டு இருந்தாகன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா, தூங்குவாகளா? அது டெஸ்டுன்னு நெனச்சுக்கிட்டாக. தூக்கம் வந்துச்சு. அது போதும்லா."

அத்தனை வருடம் என் பொய்யை நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். அதைக் காப்பாற்றியது அவர். அதுவும் எனக்காக அல்ல. இதைவிட மரியாதையாக ஒருவனை யாரும் கீழே இறக்க முடியாது.

"பிள்ளைகளுக்கு எழுதப் போறேன் மதினி. படியேத்திப் பாக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"டாக்டர் பிள்ளைகளுக்குத் தாராளமாச் சொல்லுங்க. அவுககிட்ட மட்டும் சொல்லாண்டாம்" என்றார். அண்ணாச்சி பேப்பரில் ராசிபலனைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் அந்தப் பக்கம் போனால் வாயை அடக்கிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி ஈரத் துண்டோடு வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும், தலையைக்கூடத் துவட்டாமல், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மொத்தக் கதையையும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார். படிகள் இப்போது நாற்பது ஆகியிருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அனுப்பினேனாம். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை இதுதான் என்று புரிந்தது. இனி அவர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு கேட்க வேண்டும், எதிரே அந்த அம்மா அப்பளம் திருப்பிக்கொண்டிருப்பார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நெஞ்சில் எதுவோ செய்கிறது என்று வருகிறவரை ஒரு படிகூட ஏற்றாதீர்கள். மருந்து வாங்க யாரையாவது அனுப்புவதற்கு முன், அனுப்பப்படுகிறவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். இரண்டையும் மதினியின் உடம்பை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்; அதற்கு அவரிடம் சம்மதம் கேட்கவில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி என் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டார். "வந்தது வந்தீங்க. இங்கன பாருங்க டாக்டர், காலையிலயிருந்து புடிச்சுக்கிட்டே நிக்கி…"

நான் கையை எடுக்காமல் திரும்பி, "மதினி, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"ஏ டாக்டர், நோயாளி நான்லா?" என்றார் அண்ணாச்சி.

மதினி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்து, மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மூட்டுதான் ரெண்டு வருசமா வலிக்கி" என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.